தொப்புள்கொடி என்னும் உருவகம்

ஒரு மொழி பேசுகிறவர்கள் பல தேசங்களில் பிரிந்து கிடக்கும்போது அவர்களுக்கிடையிலான உறவு எவ்வளவு உறுதியானது? ஸ்லாவ் இனத்தவர் தங்கள் ஒற்றுமையைப் பற்றிப் பேச 1848-இல் பிராகில் மாநாடே கூட்டினார்கள். யூகோஸ்லாவியா என்றால் தென் ஸ்லாவியர் நாடு என்று அர்த்தம். அங்கே செர்பியரும் குரோஷியரும் பேசியது ஏறக்குறைய ஒரே மொழி. 1991-இல் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

அதே ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவளும் தமிழ் பேசியவள். அவரோடு செத்தவர்களில் பலரும் தமிழ் பேசியவர்கள். அதற்குப் பின் இங்கே அகதியாக இருந்தவன் எவனும் சந்தேகத்துக்குரியவன் ஆனான். மேடைகளில் முழங்கிய ‘தொப்புள்கொடி உறவு’ அடங்கிப்போயிற்று.

இந்த உருவகத்தைச் சற்று கவனிக்க வேண்டும். கொடியின் ஒரு முனையில் தாய், மறுமுனையில் சிசு. நாம்தான் தாய் என்று யார் தீர்மானித்தது? சிசுவுக்குப் பேச்சு கிடையாது. யாழ்ப்பாணத்தானுக்கு அவனுடைய சரித்திரமும் அவனுடைய தவறுகளும் தனியே உண்டு என்பதை உருவகம் மறைத்துவிடுகிறது. அதனால்தான் பாசம் ஒரே இரவில் பயமாக முடிந்தது. நாம் நேசித்தது மனிதர்களையல்ல, நம் பிம்பத்தை.

நான் இந்த வட்டாரத்தில் வங்கி எழுத்தன். ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து வரும் ஒடிசாத் தொழிலாளிக்கும் எனக்கும் பொதுவாக ஒரு முழு வாக்கியம் கிடையாது. ஆனாலும் படிவத்தில் ‘தேசியம்’ என்ற கட்டத்தில் அவன் பேனா தயங்குவதில்லை. 1983-க்குப் பின் அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து, நம் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கட்டம் ஒரு சுவர். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் பெயரைச் சொல்லிற்று, இலங்கையைச் சொல்லவில்லை. 2021-இல் அகதி முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் ஆயின. பெயர் மாறிற்று, கட்டம் மாறவில்லை.

ஆகவே மொழியுறவு பொய், தேசமே மெய் என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. மொழி தருவது ரத்த பந்தம் அல்ல. அவன் சொல்வது, மொழிபெயர்ப்பவன் இல்லாமலே, எனக்குப் புரிந்துவிடுகிறது. அவ்வளவுதான். ஒடிசாக்காரனிடம் ‘புரியவில்லை’ என்று தப்பித்துக்கொள்ளலாம். முகாமில் இருப்பவனிடம் அந்தச் சாக்கு எனக்கு இல்லை. மொழியுறவின் பலம் இந்தச் சாக்கு இல்லாமற்போவதில்தான் இருக்கிறது. கோஷத்தைவிட இது கனமானது; எனவே சுமக்கிறவர்களும் குறைவு.