பிறமொழிச் சட்டமும் தன்னிலத்து நீதியும்

ஒருவன் எந்த மொழியிற் சிந்திக்கின்றானோ அந்த மொழியிலேயே நீதியையும் உணர்கின்றான் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும் உலக மக்களுட் பெரும்பாலோர் தாம் பேசாத மொழிகளில் எழுதப்பட்ட சட்டங்களினாலேயே நெடுங்காலம் ஆளப்பட்டு வந்துள்ளனர். தான் வாசிக்கவியலாத ஏட்டின்படி ஒருவன் தண்டிக்கப்படுவதும், தன் காணியை இழப்பதும், ஒரு நாட்டினின்று வெளியேற்றப்படுவதும் நிகழ்கின்றன. இந்நிலையில் சட்டம் பயிலும் மாணவர் பிறநாட்டு மொழியொன்றையும் உடன் பயில்வது வெறும் பாடத்தேர்வாக அமையாது. அறத்தோடு தொடர்புடைய வினாவாகவும் அது அமைந்துவிடுகின்றது.

யாழ்ப்பாண நகரின் கிழக்கே கடனீரேரியை ஒட்டி அமைந்த ஊர் கொழும்புத்துறை. எதிர்க்கரையிலுள்ள பூநகரியோடு தோணித் தொடர்பு கொண்டிருந்த துறை அது. இவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவி ஒருத்தி சட்டத்தைத் தலைமைப் பாடமாகவும் ஜேர்மன் மொழியைத் துணைப் பாடமாகவும் பயில விரும்புகின்றாள் எனக் கொள்க. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இவ்விரண்டையும் இணைத்து, ஓராண்டினை ஜேர்மனியிற் கழிக்கும் நான்காண்டுப் பட்டநெறி உண்டு. இலங்கையிலோ சட்டத்தைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பயிலலாம். ஜேர்மன் மொழி களனியிற் கற்பிக்கப்படுகின்றது. இரண்டையும் இணைப்பது மாணவரின் சொந்த முயற்சியாகவே அமையும். அம்முயற்சி தகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதற்கெதிராகக் கூறப்படும் தடைகள் மூன்று. இந்நாட்டு நீதிமன்றங்களில் வழங்குவன தமிழும் சிங்களமும் ஆங்கிலமுமே. ஆதலின் ஜேர்மன் மொழி இங்கு பயன்படாது என்பது முதலாவது. சட்டமே ஒருவரின் முழு உழைப்பையும் வேண்டி நிற்கும் துறை. அதனோடு வேற்றுமை உருபுகளும் நீண்ட தொகைச்சொற்களும் நிறைந்த மொழியொன்றைச் சேர்ப்பவர் இரண்டிலும் அரைகுறையாவர் என்பது இரண்டாவது. ஐரோப்பிய மொழியைக் கற்பது ஊரை விட்டு நீங்குவதற்கான முன்னேற்பாடே என்பது மூன்றாவது. மூன்றும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. இறுதியாகக் கூறிய தடையிற் புலம்பெயர்வினால் வெறுமையடைந்த வீடுகளின் துயரமும் கலந்துள்ளது.

முதலாவது தடையை வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமை முதன்முதல் ஏட்டில் ஏறியது தமிழிலன்று. ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். அக்காலத்திலே, ஆள்பதி கொர்னேலிஸ் சைமன்ஸின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழமைகளை 1707 இல் டச்சு மொழியில் தொகுத்தார். ஜான் பிரூஸ் என்பவர் அதனைத் தமிழாக்கினார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு உடன்பாடு தெரிவித்தனர். பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்கு வலுவளித்தனர். அப்பிரமாணம் யாழ்ப்பாணத் தமிழரை ‘மலபார் குடிகள்’ என்றே குறிப்பிட்டது. தம் சட்டத்திலேயே தம் பெயரைக் காணாத மக்களாக யாழ்ப்பாணத்தார் இருந்தனர்.

இலங்கையின் பொதுச் சட்டமாக எஞ்சி நிற்கும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் நிலையும் இத்தகையதே. அதன் மூலநூல்களுட் சில டச்சிலும் பல இலத்தீனிலும் எழுதப்பட்டவை. கிரோசியஸின் நூல் டச்சில் அமைந்தது. வூட்டின் பேருரை இலத்தீனில் அமைந்தது. ஒல்லாந்தே அச்சட்டத்தைக் கைவிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புதிய சட்டக்கோவைக்கு மாறியது. இங்கோ அது தொடர்ந்து வாழ்கின்றது. ஆகவே இந்நாட்டுச் சட்டம் உள்நாட்டு மொழிகளிலே தோன்றியது என்னும் எண்ணம் முற்றிலும் பொருந்தாது. டச்சு மொழிக்கு உடன்பிறப்பான ஜேர்மனைக் கற்பவர் தம் சட்டத்தின் பழைய ஊற்றுகளையும் ஓரளவு நெருங்கியவராகின்றார்.

இவ்விடத்தில் ஜேர்மனியிலேயே எழுந்த ஒரு விவாதம் நினைவுகூரத்தக்கது. நெப்போலியன் வீழ்ச்சியுற்ற 1814 ஆம் ஆண்டில், ஜேர்மன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான குடியியற் சட்டக்கோவை வேண்டும் எனத் திபோ என்னும் அறிஞர் வாதிட்டார். சவிஞ்ஞி என்பார் அதனை மறுத்தார். சட்டம் மொழியைப் போன்றது. ஒரு மக்களின் வாழ்வினின்று மெல்ல வளர்வது. ஆட்சியாளர் இருந்து எழுதி முடிப்பதன்று என்பது அவர் கொள்கை. அவரது செல்வாக்குப் பெரிது. பொதுச் சட்டக்கோவை 1900 ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது.

சவிஞ்ஞியின் கொள்கையை யாழ்ப்பாணத்தோடு பொருத்திப் பார்ப்பவருக்கு முதலில் மகிழ்ச்சி தோன்றும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் யாழ்ப்பாண மக்களின் வாழ்விலிருந்து பிறந்தவை. வேறெந்த மொழியும் அவற்றை நிறைவாகக் கொள்ளாது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இச்சொற்களைத் தத்தம் எழுத்தில் அவ்வாறே எழுதவேண்டியிருந்தது. ஆயினும் அதே தேசவழமைத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள்ளன. அடிமைமுறை இலங்கையில் 1844 இலேயே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. பன்னிரு முதலியார்களிடம் உடன்பாடு கேட்கப்பட்டது. அடிமைகளிடம் எவரும் கேட்டிலர். ஒரு வழமை தன் மக்களின் மொழியிற் பிறந்தது என்பதனாலேயே அது நீதியாகிவிடுவதில்லை. அந்த ‘மக்கள்’ என்னும் சொல்லில் எவர் அடங்கினர், எவர் விலக்கப்பட்டனர் என்பதையும் உசாவுதல் வேண்டும்.

இவ்வுசாவலுக்கு ஜேர்மன் மொழி ஒரு கருவியைத் தருகின்றது. அம்மொழியில் ‘கெசெட்ஸ்’ என்பது இயற்றப்பட்ட சட்டத்தைக் குறிக்கும். ‘ரெஹ்ட்’ என்பதோ சட்டம், உரிமை, நேர்மை என்னும் மூன்றையும் ஒருங்கே தழுவி நிற்கும். ஜேர்மன் கூட்டாட்சிக் குடியரசின் 1949 ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் இருபதாம் உறுப்புரை, நிருவாகமும் நீதித்துறையும் இவ்விரண்டினாலும் கட்டுண்டவை என விதிக்கின்றது. இரு சொற்களும் அங்கு அருகருகே நிற்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1935 இல் நூரெம்பேர்க்கிற் பிறப்பிக்கப்பட்ட சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. அவை முறைப்படி இயற்றப்பட்ட சட்டங்களே. வைமார் குடியரசின் நீதியமைச்சராகவிருந்து, 1933 இற் பேராசிரியர் பதவியினின்றும் நீக்கப்பட்ட குஸ்தாவ் ராட்புருக், 1946 இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விடைகாண முயன்றார். சட்டத்தின் உறுதிப்பாடு பேணப்படுதல் வேண்டும். ஆயினும் ஒரு சட்டம் நீதியோடு பொறுக்கவியலாத அளவிற்கு முரண்படுமாயின் அது நீதிக்கு வழிவிடுதல் வேண்டும் என்பது அவர் முடிவு. தமிழிலும் சட்டம், முறை, நீதி, அறம் எனச் சொற்கள் வேறுபட்டு நிற்கின்றன. ஆனால் அவ்வேறுபாட்டை நீதிமன்றத்தில் ஒரு வாதமாக எழுப்பலாம் என்பதை, பேரழிவொன்றைத் தாங்கிய மொழியிலிருந்து கற்பவர் ஆழமாகக் கற்பார்.

இனி, நூலறிவை விட்டு மக்களின் வாழ்வை நோக்குதல் வேண்டும். 1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின்னர் ஆயிரக்கணக்கான தமிழர் ஜேர்மனியை நாடினர். அவர்களுட் பலர் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினை அடைந்தனர். அரசியற் காரணங்களால் துன்புறுத்தப்பட்டோர்க்கு அடைக்கலம் உண்டு என்னும் அடிப்படைச் சட்ட உறுதியே அவர்களின் நம்பிக்கையாகவிருந்தது. இத்தமிழரின் வழக்குகளிலேயே ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1989 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி ஒரு முக்கிய தீர்மானத்தை வழங்கியது. அரசியற் துன்புறுத்தல் என்பது, ஒருவரை அவரின் இனம், சமயம், கொள்கை போன்றவற்றைக் குறித்துத் தாக்கி, அரசு பேணும் பொதுவான அமைதி ஒழுங்கினின்றும் வெளியே தள்ளுவதாகும் என அது விளக்கிற்று. உள்நாட்டுப் போரில் அரசு எந்நிலையில் துன்புறுத்துவதாகும் என்பதையும், நாட்டின் ஒரு பகுதியில் அச்சமுடையோர் மற்றொரு பகுதியிற் பாதுகாப்புப் பெறலாகுமா என்பதையும் அது ஆராய்ந்தது. ஜேர்மன் அடைக்கலச் சட்டம் பயில்வோர் இத்தீர்மானத்தைக் கற்காது செல்லவியலாது. 1993 இல் அரசியலமைப்புத் திருத்தம் அடைக்கல உரிமையைப் பெரிதும் சுருக்கிய பின்னரும் அதன் விளக்கம் கருத்திற் கொள்ளப்படுகின்றது. யாழ்ப்பாணத்தவர் பட்ட துயரின் மீது கட்டப்பட்ட சட்டக்கொள்கையொன்று, யாழ்ப்பாணத்திற் பெரும்பாலோர் வாசிக்கவியலாத மொழியில் உள்ளது.

அடைக்கலம் கோருபவர் அதிகாரியின் முன் தமிழிற் கூறுவார்; மொழிபெயர்ப்பாளர் ஜேர்மனிற் கூறுவார்; எழுதப்பட்டது மீண்டும் தமிழாக்கி வாசித்துக் காட்டப்படும். “பிடித்துக்கொண்டு போனார்கள்” என்று ஒரு தாய் கூறுகின்றாள் எனக் கொள்க. தமிழில் இவ்வாக்கியத்திற்கு எழுவாய் வேண்டியதில்லை. சூழ்நிலை அதனை உணர்த்தும். ஜேர்மன் வாக்கியம் எழுவாயை வேண்டி நிற்கும். அன்றியும், சட்டப்படி கைதுசெய்தலுக்கு ஒரு சொல்லும் கடத்திச் செல்லுதலுக்கு வேறொரு சொல்லும் அங்குண்டு. எவர் பிடித்தனர் என்பதும் எவ்வாறு பிடித்தனர் என்பதுமே வழக்கின் உயிர்நாடி. அரசு துன்புறுத்தியதா, கட்டுக்கடங்காத வேறொரு குழு துன்புறுத்தியதா என்பதிலேயே தீர்ப்புத் தங்கியிருக்கக்கூடும். மொழி மட்டும் அறிந்தவர் இவ்விடத்தில் ஏதேனும் ஒரு சொல்லைத் தெரிந்து மேலே செல்வார். சட்டம் மட்டும் அறிந்தவர் அங்கு ஒரு தெரிவு நிகழ்ந்தது என்பதையே அறியார். இரண்டும் அறிந்தவர் ஒருவரே நிறுத்தி, “யார் பிடித்தார்கள், அம்மா?” என வினவுவார். இரண்டினையும் கற்பவர் இரண்டிலும் அரைகுறையாவர் என்னும் தடைக்கு இதுவே விடை. இரு துறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டு. அவ்விடத்திற்குத் தனியொரு அறிவு தேவைப்படுகின்றது.

குடும்பச் சட்டத்திலும் இச்சந்திப்பு நிகழ்கின்றது. கணவன் ஜேர்மனியிலும் மனைவி கொழும்புத்துறையிலும் வாழும் குடும்பத்தை எண்ணுக. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. அவன் இருக்குமிடம் தெரியாதவிடத்தும், தகுந்த காரணமின்றி மறுக்குமிடத்தும் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். சீதனக் காணி அவளுடையதே. கையொப்பமோ கடல் கடந்து வரவேண்டும். ஜேர்மனியின் 1900 ஆம் ஆண்டுச் சட்டக்கோவையும் மனைவியின் ஆதனத்தைக் கணவனின் ஆட்சியில் வைத்திருந்தது. 1957 இல் நிறைவேறி 1958 இல் நடைமுறைக்கு வந்த சமத்துவச் சட்டம் அதனை மாற்றியது. அதன்படி அவரவர் ஆதனம் அவரவர்க்கே உரியது. மணவாழ்வுக் காலத்திற் பெருகிய செல்வம், மணம் முறியுமிடத்து இருவர்க்குமிடையிற் சமன்செய்யப்படும். இதனை வாசிக்கும் யாழ்ப்பாண மாணவிக்குத் தேடியதேட்டம் என்னும் கருத்து உடனே நினைவில் எழும். கூட்டுழைப்பின் பயன் இருவர்க்கும் உரியது என்னும் நேர்மை யாழ்ப்பாண வழமையின் உள்ளேயே உள்ளது. பிறநாட்டுச் சட்டம் இங்கு கண்ணாடியாகிறது. தன் வழமையில் எதனைப் பேணலாம், எதனைத் திருத்தலாம் எனப் பிரித்தறியும் துணிவை அது தருகின்றது.

மூன்றாவது தடையே மிகக் கடினமானது. மொழியறிவு புலம்பெயர்வுக்குச் சீட்டாக அமையலாம் என்பது உண்மை. எனினும் மொழிவழிச் செலவு ஒருதிசைப்பட்டதன்று. பேர்லினிற் பிறந்த கௌரிபாலர் கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகளுக்குச் சீடராகி, தொண்டைமானாற்றிற் செல்வச்சந்நிதியின் அயலில் வாழ்ந்து, ஜேர்மன் சுவாமி என அழைக்கப்பட்டார். 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். அவர்கள் கற்றதை எவரும் தம் நாட்டுக்கு இழைத்த துரோகமாகக் கொள்ளவில்லை. கற்பதன் அறம், கற்றதை எங்கு கொண்டு சேர்க்கின்றோம் என்பதிற் தங்கியுள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரு மொழிகள் அறிந்தவர் எக்காலத்தும் அதிகாரமுடையவர். ஒல்லாந்தர் காலத்து முதலியார்கள் ஆட்சிக்கும் குடிகளுக்கும் இடையில் நின்றனர். அவ்விடம் அவர்களுக்குச் செல்வமும் செல்வாக்கும் தந்தது. அடைக்கலம் கோருவோரின் அறியாமையில் வாழும் தரகரும் அதே இடத்திலேயே நிற்கின்றார். இவ்வறிவை ஒருவர் தமக்குள்ளேயே பூட்டி வைத்து, கதவைத் திறப்பதற்குக் கூலி பெறுவாராயின், அவருடைய கல்வி சமூகத்தின் ஏழ்மையைப் பெருக்கியதாகவே முடியும். ஆதலின் இரு துறைக் கல்விக்கு ஒரு நிபந்தனை உண்டு: கற்றது தமிழுக்குத் திரும்பிவரல் வேண்டும். அடைக்கலத் தீர்மானங்கள் எளிய தமிழில் விளக்கப்படல் வேண்டும்; சட்டக் கலைச்சொற்கள் ஆராயப்படல் வேண்டும்; தேசவழமை குறித்து அயல்மொழியில் எழுதப்பட்டவை இங்குள்ள வகுப்பறைகளுக்கு வரல் வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாயின் வாய்மொழி அவள் கூறிய பொருளிலேயே ஏட்டில் ஏறுதல் வேண்டும்.

1707 இல் யாழ்ப்பாணத்து வழமை அயல்மொழியில் எழுதப்பட்டபோது, அதனைச் சரிபார்க்கப் பன்னிருவரே அழைக்கப்பட்டனர். இன்று அத்தொகை பல்கலைக்கழகங்களினால் விரிவடையலாம். அன்று அழைக்கப்படாதோரின் வழித்தோன்றல்களும் பெண்களும் அதில் இடம்பெறலாம். சட்டத்தையும் பிறமொழியையும் ஒருங்கே பயிலும் மாணவரின் உழைப்பு அந்த விரிவுக்குத் துணைசெய்யுமாயின், அது தன் மண்ணுக்கு ஆற்றும் கடமையேயாகும்.