வழிகாட்டியின் மறுப்பு

ஒருவர் பின்னால் நடக்கச் சம்மதிக்கிறபோது, அவர் காட்டுவதைப் பார்க்க மட்டுமல்ல, அவர் வேண்டாம் என்கிற இடத்தில் நிற்கவும் சம்மதிக்கிறோம். வழிகாட்டுதலின் தார்மீகம் இந்த இரண்டாவதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவிலிருக்கும் உலுரு பாறை 1985ல் அனாங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. ஏறாதீர்கள், எங்களுக்குப் புனிதமானது என்று வருகிறவர்களை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டதோடு சரி, ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 2019 அக்டோபர் 26ல்தான் பாறை மூடப்பட்டது. ஒரு 'வேண்டாம்' விதியாக மாற 34 வருஷங்கள்.

எண்ணூர் கழிமுகத்தில் நான் போன குழுவில் எட்டுப் பேர். முன்னால் நடந்தவர் கொசஸ்தலை ஆற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். அவர் மிதித்த இடத்தையே மிதித்தோம். எங்கே சேறு இறுகிக் கிடக்கிறது, எங்கே மணல் மாதிரித் தெரிவது உண்மையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்பது அவர் காலுக்குத் தெரிந்திருந்தது; படித்த எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. "அங்க வோணாம் சார், முட்டி வரிக்கும் உள்ள இழுத்துக்கும்" என்றார். கூட வந்த பேராசிரியர் உட்பட அத்தனை பேரும் நின்றோம்.

எங்களை நிறுத்த அவருக்கு ஒரு வார்த்தை போதும். சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலப்பதை நிறுத்த? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் அப்பிய எண்ணெயை நிறுத்த? அதை வாளியில் அள்ளுவதற்கு மட்டும் மீனவர்களைக் கூப்பிட்டார்கள்.

இந்த மாதிரி நடைகளை, துக்க வீட்டுக்கு உல்லாசப் பயணம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. பார்க்காமலிருப்பதில் எந்த மேன்மையும் இல்லை. எனக்குள்ள ஆட்சேபம் வேறு. திரும்பும் வழியில் எல்லோரும் அவருக்காகப் பரிதாபப்பட்டோம். அவரோ பரிதாபத்தைக் கேட்கவில்லை. காலை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு போனார், அவ்வளவுதான். அவர் சொல்லுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை, ரயிலேறியதும், அந்தச் சாம்பலின் மின்சாரத்தில் சுழலும் எங்கள் விசிறிகளுக்குக் கீழே, முடிந்துபோக வேண்டியதுதானா?

புது மின்நிலையத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்களில் அவரைப் போன்றவர்கள் எழுந்து அதே 'வேண்டாம்' சொல்கிறார்கள். அங்கே அந்த எட்டுப் பேரும் அவர் பின்னால் நிற்பது நடையின் தொடர்ச்சியா, அதிகப்பிரசங்கித்தனமா? தொடர்ச்சி என்றே சொல்வேன், பேச்சு அவருடையதாக இருக்கிற வரைக்கும். பேராசிரியர் மைக்கைப் பிடிக்காமல் இருப்பாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.