ஓடாத கப்பலுக்குச் சுக்கான் எதற்கு

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோயில் வளவில் இன்னொரு பூசை தொடங்கும். வேப்பமரத்தடியில், முக்கால் மணித்தியாலம். முதல் பூசைக்குப் பிந்தி வருகிறவர்களும் இதற்குப் பிந்துவதில்லை. திருகோணமலையில் முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தே வயது போனவள் நான். பிரசங்கம் மறந்துபோகும், மரத்தடியில் கேட்டது மறக்காது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு கலியாணப் பேச்சு அங்கேதான் குழம்பியது. பெண்ணின் தகப்பன் முன்பொரு காலம் மனநோய்க்கு மருந்து எடுத்தவர். சுகமாகி, வேலைக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார். கதை மாப்பிள்ளையின் சித்தி காதில் விழுந்தது. கொஞ்ச நாளில் "பொடியனுக்கு இப்ப கலியாணம் வேண்டாமாம்" என்று தரகர் வந்து நின்றார். கதையைச் சொன்னவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்ன ரீச்சர், நான் பொய்யா சொன்னனான்? உள்ளதைத்தானே சொன்னனான்" என்றாள். முகத்தில் துளி வருத்தமில்லை.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையின் கீழ் இதைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறது. ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று மனதுக்குள் தீர்த்துவிடுவது ஒரு பிழை. பொய் சொல்லிப் பேரைக் கெடுப்பது இன்னொன்று. இவை இரண்டும் எல்லோருக்கும் விளங்கும். சனம் காதில் போட்டுக்கொள்ளாதது மற்றது: ஒருவருடைய உண்மையான குறையை, தக்க காரணமில்லாமல், அதை அறியாதவர்களிடம் போய்ச் சொல்வது. அதுவும் பாவந்தான். (நோய் ஒரு குறையே அல்ல, அதை மரத்தடிக்கு யார் விளங்கப்படுத்துவது?) கெடுத்த பேருக்கு ஈடு செய்யவேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அந்தப் பகுதிக்கு வந்து சேர்வதேயில்லை.

அகுஸ்தீனார் ஆயராக இருந்த ஹிப்போவும் துறைமுகப் பட்டினம், இன்றைய அல்ஜீரியாவில். அவரோடு வாழ்ந்த பொசிடியஸ் எழுதிவைத்த வரலாற்றில் ஒரு சங்கதி உண்டு. அவருடைய சாப்பாட்டு மேசையில், அங்கில்லாதவரைப் பற்றிப் புறங்கூறுகிறவனுக்கு இங்கே இடமில்லை என்ற கருத்தில் இரண்டு வரி எழுதப்பட்டிருந்ததாம். ஒருநாள் சாப்பிட வந்த ஆயர்கள், நெருங்கிய சிநேகிதர்கள், அதை மறந்து கதைக்கத் தொடங்கினார்கள். ஒன்று அந்த வரிகளை அழித்துவிடுவோம், இல்லை நான் எழுந்து என் அறைக்குப் போகிறேன் என்று அவர் கடுமையாகச் சொல்லிவிட்டார். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் இப்படி எழுதி வைத்தால் பாதிப் பேர் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

ஆனால் வாயை மூடிக்கொண்டால் எல்லாம் சரி என்று நினைக்கவும் எனக்கு முடியவில்லை. யாக்கோபு தன் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் நாவைக் கப்பலின் சுக்கானோடு ஒப்பிடுகிறார். என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். "ஓடாத கப்பலுக்குச் சுக்கான் வேலை செய்யாது. தண்ணி அதில மோதி ஓடவேணும்" என்பார். சீனன்குடாவில் பிரீமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் பெரிய கப்பல்கள், உள்துறைமுகத்துக்குள் வேகம் குறைந்ததும் சுக்கானுக்குச் சரியாகக் கட்டுப்படாதாம். அதனால்தான் இவர்கள் கயிறு போட்டு இழுக்கவேண்டி வரும். யாக்கோபு நங்கூரத்தைச் சொல்லவில்லை என்பதை நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

போர்க்காலத்தில் இங்கே எல்லோருமே நாவைக் காத்தோம், பயத்தில். ஆட்களை அடையாளம் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிகள் இருந்தார்கள். சாக்கு மூடிய முகம், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் வாயே திறக்கமாட்டான். தலை மட்டும் ஆடும், வரிசையில் நின்ற பிள்ளை போய்விடும். ஒரு வார்த்தையும் பேசாமலே பொய்ச்சாட்சி சொல்லலாம் என்று அந்த நாட்களில் கண்டோம்.

2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டே வெடித்தது என்று படைத்தரப்புச் சொன்னது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. 'சுடர் ஒளி' பத்திரிகை அவற்றை வெளியிட்டது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்டவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்ட மாணவர்களில் ஒருவரின் தகப்பன், மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன், மிரட்டல்களால் நாட்டை விட்டுப் போனார். வாயை மூடவில்லை, ஜெனீவா வரை போய்ச் சொன்னார். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், சாட்சியம் போதாதென்று, குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது.

கண்டும் சொல்லாதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனால் அந்த அச்சத்தைப் புண்ணியம் என்று பெயர் மாற்றி, நாவடக்கம் பற்றிய பிரசங்கத்தில் சேர்க்கும்போது எனக்குக் கோபம் வரும். அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது முதலில் வழக்கு மன்றில் நின்ற கட்டளை. ஒருவன் உயிர் இரண்டு மூன்று பேரின் வாயில் தொங்கிய இடத்துக்கானது. ஆகவே எட்டாம் கட்டளை படிப்பிக்கும் நாளில் பிள்ளைகளுக்கு நான் நீதிமன்றத்தைத்தான் முதலில் சொல்வது. கோள்மூட்டுவதெல்லாம் அடுத்த கிழமைப் பாடம்.