கல் என்று சொன்னோம்

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை. இடது சிறுநீரகத்தில் 2.3 சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருந்தது. சிறுநீரகப் புற்றுநோய் இப்போதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் அகப்படுகிறது, வேறெதையோ தேடும்போது. வலியில்லை, சிறுநீரில் ரத்தமில்லை. அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரை, கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதல்.

அன்றிரவே அம்மா, அக்கா, நான் மூவரும் அவரிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

"கிட்னியில கல்லுப்பா."

"பித்தப்பைனு தானடா சொன்னீங்க?"

"அங்க இல்ல, இங்க இருக்கு."

ஒருகாலத்தில் இதற்குச் சிறுநீரகத்தையே முழுதாக எடுத்துவிடுவார்கள், சுற்றியுள்ள கொழுப்போடும் அட்ரினல் சுரப்பியோடும். இப்போது கட்டியை மட்டும் வெட்டலாம், ஊசி வழியாகச் சுட்டோ உறையவைத்தோ அழிக்கலாம். மருத்துவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார்: சும்மா இருக்கலாம். ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன், வேகமாக வளர்ந்தால் மட்டும் கைவைப்பது. 4 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றே இல்லை. புற்றாக இருப்பவற்றிலும் பல, வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன.

எனக்கு அறுவைசிகிச்சைதான் சரியென்று பட்டது. ஓடுகிற கோடில் கைவைக்காதே என்று ஆபீஸில் ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். இங்கே மட்டும் ஏன் இந்த அவசரம்? அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

காரணம் வேறு. ஆபரேஷனை மறைக்கலாம். "கல்லை எடுக்கறாங்க" என்றால் முடிந்தது, மயக்கத்தில்தானே இருப்பார். காத்திருப்பதை மறைக்க முடியாது. ஒரு கல்லுக்காக எத்தனை வருடம் ஒரு மனுஷன் ஸ்கேனுக்கு வருவார்? நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா என்று விவாதிக்கும்போதெல்லாம் அவர் மனசு தாங்குமா என்றுதான் பேசுகிறோம். எங்கள் பொய்யோ கத்திவரை போயிருந்தது. அதைக் காப்பாற்ற, ஏற்கனவே பலவீனமான ஒரு சிறுநீரகத்தில் துண்டு போடத் தயாராக இருந்தோம்.

மொட்டைமாடியில் வைத்துச் சொன்னேன். எவ்வளவு பெரிசு என்று கேட்டார். நெல்லிக்காய் அளவு என்றேன்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினோரு நாள்."

நெல்லிக்காயைப் பற்றி அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. வெட்டுவதா வேண்டாமா என்பதை ஒரு வாரம் யோசித்து அவரே முடிவுசெய்தார்: வேண்டாம். இரண்டு ஸ்கேன் முடிந்துவிட்டது, ஒரு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. அடுத்தது தை மாதம். அந்தப் பதினோரு நாளுக்காக அக்காவிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.