ஒற்றன் பொய் சொல்லலாமா?

1995ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்த ‘குருதிப்புனல்’ திரைப்படத்தை வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். கோவிந்த் நிகலானி 1994இல் இந்தியில் எடுத்த ‘துரோகால்’ என்னும் படத்தின் தமிழ் வடிவம் அது. பி.சி. ஸ்ரீராம் இயக்கினார், கமல்ஹாசன் திரைக்கதை எழுதி நடித்தார். பாடல் ஒன்றுகூட இல்லாத படம். பயங்கரவாதக் கும்பல் ஒன்றுக்குள் காவல்துறை இரு இளைஞர்களை வேற்றாள்போல் அனுப்பிவைக்கிறது. ஒருவன் பிடிபட்டு உயிரிழக்கிறான். மற்றவன் உள்ளேயே இருக்கிறான். அவர்களை அனுப்பிய அதிகாரியோ, தன் குடும்பத்தின் உயிருக்கு அஞ்சிக் கும்பலின் தலைவனுக்குப் பணிந்து தானே துரோகியாகிறான். இறுதியில் அந்தத் தலைவனைக் கொன்றுவிட்டு, கும்பலுக்கு ஐயம் எழாதிருக்கும்பொருட்டு, தன்னைச் சுட்டுவிடும்படி தன் ஒற்றனையே அதிகாரி ஏவுகிறான். ஒற்றன் சுடுகிறான், அவன் வேடம் பிழைக்கிறது.

இக்காட்சியைக் கண்டு திரையரங்கில் கண் கலங்கியவர்களுள் நானும் ஒருவன். வீடு திரும்பிய பின்னரே கேள்வி எழுந்தது. அந்த இளைஞன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் கிறிஸ்தவனாக இருந்திருந்தால், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு என்ன சொல்லியிருப்பான்? ‘பொய் சொன்னேன், சுவாமி’ என்றா? எத்தனை முறை என்று குருவானவர் கேட்டால், ‘மூன்று ஆண்டுகளாக, ஒவ்வொரு மூச்சிலும்’ என்றா?

குற்றவுலகக் கதைகளில் ஊறிய நமக்கு ஒற்றனின் பொய் ஒரு சாகசமாகவே தோன்றுகிறது. நல்லவன் பொய் சொல்கிறான், தீயவன் ஏமாறுகிறான், ஊர் பிழைக்கிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆயினும் திருச்சபையில் இக்கேள்வி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. அதுவும் ஒரு துப்பறியும் கதையின் வடிவிலேயே எழுந்தது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியன் என்பவரின் பெயரால் ஒரு தப்பறை இரகசியமாகப் பரவியிருந்தது. அதைச் சார்ந்தோர் வெளியில் கத்தோலிக்கராகவே நடித்தனர். தம் மறையைக் காக்கப் பொய் சொல்வது தகும் என்பது அவர்கள் கொள்கை. கொன்சென்சியுஸ் என்னும் அறிஞர் இவர்களைப் பிடிக்க ஒரு வழி கண்டார். நம்மவர் சிலர் அவர்களுள் ஒருவராக நடித்து உட்புகட்டும் என்றார். தாராகோனா நகரத்துத் துறவி பிரொந்தோ அவ்வாறே செய்தார். செவேரா என்னும் பெண்ணிடம் தாமும் அக்கொள்கையினரே என்று நடித்து, அவளுடைய நம்பிக்கையைப் பெற்றார். பெயர்கள் வெளிவந்தன. அவற்றுள் செல்வாக்குடையோர் பெயர்களும் இருந்தமையால் ஊரின் சினம் பிரொந்தோவின் மீதே திரும்பிற்று. இச்செய்திகளைக் கூறும் கடிதம் நெடுங்காலம் மறைந்து கிடந்து, நம் காலத்தில்தான் கண்டெடுக்கப்பட்டு 1981இல் அச்சேறியது.

இந்த முயற்சிக்குப் புனித அகுஸ்தினாரின் பாராட்டைக் கொன்சென்சியுஸ் எதிர்பார்த்தார். 420ஆம் ஆண்டளவில் அகுஸ்தினார் அனுப்பியதோ ‘பொய்க்கு எதிராக’ என்னும் நூல்! பொய்யரைப் பொய்யால் பிடிக்கலாமெனில், திருடனைத் திருடியும் விபசாரியை விபசாரம் செய்தும் பிடிக்கலாமோ என்று அதில் அவர் வினவுகிறார். அதனினும் கூர்மையான வாதம் ஒன்றும் உண்டு. தப்பறையாளன் தன் தவற்றை உண்மையென்று நம்பிச் சொல்கிறான். நடிக்கும் கத்தோலிக்கனோ அது பொய்யென்று அறிந்தே சொல்கிறான். இவ்விருவருள் வாயால் அதிகம் பழிப்பவன் யார்? உள்ளத்தில் விசுவாசம் இருந்தால் நாவால் மறுதலிப்பது குற்றமன்று என்றால், பேதுரு முற்றத்தில் ஏன் அழுதார் என்றும் கேட்கிறார்.

கடுமையான பதில்தான். திருச்சபைத் தந்தையர் எல்லாரும் இவ்வளவு கடுமை காட்டினர் என்று எண்ண வேண்டாம். பொன்வாய் யோவான் என்று நாம் போற்றும் கிறிசோஸ்தோம், மருத்துவர் நோயாளியையும் படைத்தலைவர் பகைவரையும் நன்மை கருதி ஏமாற்றுவதைப் போற்றி எழுதியுள்ளார். (தம் நண்பர் பசிலியுவைத் தாமே ஏமாற்றியதற்குச் சமாதானம் சொல்லும் இடத்தில் அவர் இதை எழுதியது சற்றுச் சிரிப்பை வரவழைக்கிறது.) துறவி காசியானோ, கொடிய நோய்க்கு மட்டும் உட்கொள்ளத்தக்க நஞ்சு மருந்துபோன்றது பொய் என்றார். நம் மண்ணிலும் வள்ளுவர் ‘வாய்மை’ அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். ஆனால் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தை எழுதும்போது அதே வள்ளுவரின் குரல் மாறிவிடுகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே என்கிறார். பொய்யால் பணிபுரிபவனை அவனை ஏவிய அரசனாலும் முழுதும் நம்ப இயலாது. வெளிப்படையாகப் போற்றவும் இயலாது. வீரமாமுனிவர் 1730இல் இலத்தீனில் பெயர்த்த பகுதிக்குள் இவ்வதிகாரமும் அடங்கும். பெயர்த்தபோது அவர் அகுஸ்தினாரை நினைத்திருப்பாரோ?

திருநூலிலும் ஒற்றன் உண்டு. அப்சலோம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, தாவீது தம் நண்பர் ஊசாயை மகனின் அவைக்குள் அனுப்புகிறார். ஊசாய் சென்று அரசர் வாழ்க என்று இருமுறை வாழ்த்துகிறார். எந்த அரசர் என்று சொல்லவில்லை! அப்சலோமோ தன்னையே வாழ்த்தியதாக எண்ணிக்கொள்கிறான். அதன்பின் ஊசாய் கூறும் அறிவுரை அப்சலோமின் அழிவுக்கு வழியாகிறது. இந்நிகழ்ச்சியில் ஆண்டவரின் திட்டம் நிறைவேறியதாகச் சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகிறது. ஊசாயின் சொல்லைப் புகழவுமில்லை, இகழவுமில்லை. வெற்றிச் செய்தி வந்த நாளில் ஒற்றனை அனுப்பிய தாவீது கொண்டாடவில்லை. வாயில்மேல் இருந்த அறைக்கு ஏறிச்சென்று மகனுக்காகக் கதறினார்.

புனித தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில், போரில் பதுங்கியிருந்து தாக்குவது பற்றிப் பேசும்போது ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறார். பகைவனிடம் பொய்யுரைப்பதும் தந்த வாக்கை முறிப்பதும் தகாதவை. நம் எண்ணத்தை அவனுக்கு வெளிப்படுத்தாமல் மறைப்பதோ தகும். மறைப்பது வேறு, பொய்யுரைப்பது வேறு. இக்கோட்டின்மேல் ஒற்றன் எவ்வளவு தொலைவு நடக்க முடியும்? மாற்றுடை தரித்துத் துறைமுகத்தில் நின்று கவனிப்பவன் மறைக்கிறான். கும்பலில் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் எடுப்பவன் கோட்டைத் தாண்டிவிட்டான்.

இவற்றை ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிட முடியாதபடி நம் நாட்டின் வரலாறு குறுக்கே நிற்கிறது. 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதையும், பம்பாயில் இரு கட்டங்களாக நடந்த கலவரங்களையும் தொடர்ந்து, 1993 மார்ச் 12 அன்று அந்நகரில் 12 இடங்களில் குண்டுகள் வெடித்தன. பங்குச் சந்தை, ஏர் இந்தியா கட்டடம், சவேரி பஜார், பிளாசா திரையரங்கு எனப் பிற்பகல் பொழுதுக்குள் 257 உயிர்கள் மாண்டன. அந்த வெடிமருந்து கொங்கண் கடற்கரையில் திகி, சேகாடி ஆகிய இடங்களில் இறக்கப்பட்டது. வெள்ளியும் தங்கமும் கள்ளத்தனமாக வந்திறங்கிப் பழகிய வழிதான் அது. பணம் பெற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளப் பழகிய சுங்க அலுவலர், காவலர் சிலரும் பின்னர்க் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். நேற்றுவரை வெள்ளிக்கட்டிக்குத் திறந்த வாயில் அன்று ஆர்.டி.எக்ஸுக்கும் திறந்தது.

கும்பலுக்குள் உண்மையான ஓர் ஒற்றன் இருந்து, முன்கூட்டியே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த 257 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள். இதை நினைக்கும்போது அகுஸ்தினாரின் நூலை மூடிவைத்துவிடத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஒற்றன் கும்பலின் நம்பிக்கையைப் பெற என்ன செய்திருப்பான்? சிறு சரக்குகள் பலவற்றைக் கடக்க விட்டிருப்பான். இலஞ்சம் வாங்கிய காவலன் தூக்கிய அதே தடுப்புக்கட்டையை அவனும் தூக்கியிருப்பான். கை ஒன்றே, செயல் ஒன்றே. நோக்கம் மட்டும் வேறு. அந்த நோக்கத்தைக் கண்டறிய வெளியில் சாட்சி இல்லை. சில ஆண்டுகள் கழிந்தால் உள்ளே இருக்கும் சாட்சியும் களைத்துவிடும்.

இவ்வகைக் கதைகளில் தவறாது வரும் காட்சி ஒன்றுண்டு. கும்பலின் தலைவன் புதியவன் கையில் துப்பாக்கியைத் தந்து, கட்டிப்போடப்பட்ட ஒருவனைச் சுடச் சொல்கிறான். இங்கே திருச்சபையின் பதிலில் ஐயத்துக்கு இடமில்லை. பம்பாய் வெடித்த அதே 1993ஆம் ஆண்டு ஆகஸ்டில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ‘வெரித்தாத்திஸ் ஸ்பிளெந்தோர்’ சுற்றுமடல், எந்த நன்னோக்கத்தாலும் நல்லதாக மாற்ற முடியாத செயல்கள் உண்டு என்று உறுதியாகக் கற்பித்தது. மாசற்றவனைக் கொல்வது அவற்றுள் ஒன்று. நூறு பேரைக் காக்கவும் ஒற்றன் அந்த ஒருவனைச் சுடலாகாது. ‘குருதிப்புனல்’ அதிகாரியைப்போல் அந்த ஒருவனே வேண்டிக்கொண்டாலும் ஆகாது. தன் உயிரைப் பிறன் பறிக்கத் தருவதற்கு அவன் உரிமையாளன் அல்லன். திரையரங்கில் நான் கலங்கியது தியாகத்தைக் கண்டு. அந்தத் தியாகம் ஓர் இளைஞனைக் கொலைகாரனாக்கி நிறைவெய்தியது என்பதை அன்று எண்ணவில்லை.

கொலையை விட்டு மீண்டும் பொய்க்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1992இல் முதலில் வெளிவந்தபோது, உண்மையை அறிய உரிமை உள்ளவனைத் தவறான எண்ணத்துக்கு உட்படுத்துவதே பொய் என்ற விளக்கம் அதில் இருந்தது. 1997இல் இலத்தீன் மூலப்பதிப்பு வந்தபோது ‘உரிமை உள்ளவன்’ என்னும் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. முதற்பதிப்பு ஒற்றனுக்குச் சற்று ஆறுதல் தந்திருக்கும்: குண்டு வைப்பவனுக்கு உண்மையை அறிய என்ன உரிமை? திருத்தப்பட்ட பதிப்பில் அந்த வாயில் இல்லை. உரிமையற்றவனிடம் உண்மையை வெளிப்படுத்தக் கடமையில்லை என்ற போதனை மட்டும் நிலைத்தது. அக்குவினாஸின் கோடு மீண்டும் அங்கே வந்து நிற்கிறது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கண்டிப்பு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை அசைத்தவர், காவல்துறையின் உளவுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். இளமையில், கடத்தல்காரன் ஒருவனின் ஆளாக வேற்றுப் பெயரில் ஏறத்தாழ இரண்டாண்டு வாழ்ந்தவர். உணவுக்குமுன் சிலுவை அடையாளம் வரையக் கை தானாக எழும். அதைத் தலைமுடி கோதுவதாக மாற்றிக்கொள்வாராம். அவனிடம் சொன்ன பொய்களைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. ‘அவன் மகளுக்கு அப்போது ஆறு வயது. என்னைச் சித்தப்பா என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மடியில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொல்வாள். அவங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு, என்கிட்டதான் ஓடிவந்து, சித்தப்பா, காப்பாத்துங்கன்னா. தம்பி, அவளுக்கு உண்மை தெரிய உரிமை இல்லையா?’ என்றார்.

என்னிடம் பதில் இல்லை. செவேராவின் கதை பின்னர் என்ன ஆயிற்று என்றும் நான் அறியேன். ஆனால் அகுஸ்தினாரின் கண்டிப்பை அன்றுமுதல் வேறு கண்ணோடு படிக்கிறேன். ‘இது பாவமே அன்று, நாட்டுத் தொண்டு’ என்று அம்முதியவரின் மேலதிகாரிகள் சொல்லியிருந்தனர். பாவம் இல்லையென்றால் அதை இறக்கிவைக்கவும் இடம் இல்லை. முப்பது ஆண்டுகள் அதைத் தனியே சுமந்திருக்கிறார். பிழை என்று பெயரிடப்பட்டதற்குத்தான் மன்னிப்பும் கிடைக்கிறது. ஒற்றனை அனுப்பும் அரசும், அவன் உழைப்பால் இரவில் நிம்மதியாக உறங்கும் நாமும், அவனைப் புகழ்ந்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். அவன் பொய்யில் நமக்கும் பங்குண்டு என்று ஏற்கும் துணிவு நமக்கு வருவதில்லை.

ஒற்றர்களே வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை; சவேரி பஜாரில் மாண்டவர்களின் குடும்பத்தார்முன் நின்று அதைச் சொல்லவும் இயலாது. மறைப்பதற்கும் பொய்யுரைப்பதற்கும் இடையே அவர்களால் இயன்றவரை மறைப்போடு நிற்கட்டும், கொலையின் வாயிலிலேனும் திரும்பி நடக்கட்டும், அப்படித் திரும்புபவனைக் கோழை என்று அனுப்பியவர்கள் ஒதுக்காதிருக்கட்டும் என்று மட்டும் கேட்பேன்.

அம்முதியவர் ஒரு நோன்புக் காலத்தில் வெளியூர்க் குருவானவர் ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அதுமுதல் ஆண்டுக்கொருமுறை அந்தச் சிறுமிக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்கிறார். அவளது முழுப்பெயர் அவருக்கு நினைவில்லை. வீட்டில் அழைத்த செல்லப் பெயரையே எழுதுகிறார். கருத்துக் கொடுப்பவர் பெயர் என்ற இடத்தில், அவள் ஒருநாளும் கேட்டறியாத தம் ஞானஸ்நானப் பெயரை எழுதுகிறார்.