பதிவேட்டில் இல்லாத பெயர்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் இடம். ஒருநாள் மாலை ஷிப்டில், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளை எண்ணிப் பையில் போடும் பெண் என்னைக் கூப்பிட்டார். பாகூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறவர். கான்ட்ராக்ட் ஆள்.

"சார், மூடி இன்னிக்கு ரொம்ப சூடா விழுது. எப்பவும் இப்படி இருக்காது."

ஒரு மூடியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெஷினில் தெரிந்த எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. "மெஷினைப் பாக்க ஆள் இருக்காங்கம்மா. நீங்க எண்ணிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் காலையில் திருகிப் பார்த்தபோது எந்த மூடியும் பாட்டிலில் இறுகவில்லை. அச்சைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்திருந்தது. பிளாஸ்டிக் அச்சுக்குள்ளேயே ஆறி இறுகாமல் சூட்டோடு வெளியே விழுந்து கோணியிருக்கிறது. ஒரு ஷிப்டில் செய்த சரக்கு முழுவதும் அரைவைக்குப் போனது. பதிவேட்டில் நான்தான் எழுதினேன்: "குளிர்நீர்க் குழாயில் அடைப்பு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது." யார் கண்டறிந்தார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. எழுதும்போது அது எனக்கு உறுத்தவும் இல்லை. சில மாதங்களில் கான்ட்ராக்ட் முடிந்து அவர் நின்றுவிட்டார். நடவுக்குப் போகிறார் என்று வேனில் வரும் பெண்கள் சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வாக்கியம் என்னைத் துரத்த ஆரம்பித்தது. நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான மூடிகள் அவர் விரல்கள் வழியாகப் போயிருக்கின்றன. அந்த விரல்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. என் படிப்புக்கும் மெஷின் காட்டிய எண்ணுக்கும் அது தெரியவில்லை. "நல்ல ஆள் கிடைப்பதில்லை" என்று அலுவலகக் கூட்டங்களில் நான் எத்தனை முறை பேசியிருப்பேன்! ஆள் வந்து வாய்விட்டுச் சொன்னபோது போய் எண்ணும்படி அனுப்பியவனும் நான்தான்.

அன்று அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைய உற்பத்தி குறைந்ததற்கு மேனேஜரிடம் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரின் திறமையைக் கண்டுகொள்வதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்க வேண்டியவர் கண்டுகொள்கிறவர். பாராட்டுக்குக் காசு செலவில்லை. அதனால்தான் பணியிடங்களில் பாராட்டு தாராளமாகக் கிடைக்கிறது, கண்டுகொள்ளுதல் அபூர்வமாகிறது.

விலை கொடுத்துக் கண்டுகொண்டவர்கள் எங்கள் மண்ணில் இருந்திருக்கிறார்கள். பாரதியார் 1908இலிருந்து 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாத நிலை, கையில் காசில்லாத குடும்பம். அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து அவர் பெயர். கனக சுப்புரத்தினம் என்ற இளம் தமிழாசிரியரை நண்பர்கள் முன்னிலையில் பாட்டு எழுதச் சொன்னார். எழுதி முடித்ததைச் சுதேசமித்திரன் இதழுக்கு அனுப்பியபோது, இவர் என் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பும் சேர்த்தார். நன்றாக இருக்கிறது என்று முதுகில் தட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். தன் பெயரை அந்த இளைஞரின் பாட்டுக்குப் பிணையாக வைத்தார். அந்த இளைஞர்தான் பாரதிதாசன்.

அவர் 1909இல் ஆசிரியர் வேலைக்கு வந்து 37 ஆண்டுகள் பிரெஞ்சு இந்தியப் பள்ளிகளில் பாடம் சொன்னார். அவரிடம் தொடக்கக் கல்வி கற்ற பிள்ளைகளில் ஒருவர், 1915இல் வில்லியனூரில் பிறந்த எத்திராசலு என்கிற அரங்கசாமி. தொடக்கத்தில் 'ரமி' என்ற புனைபெயரில் எழுதிய அவரைத் தமிழுலகம் வாணிதாசன் என்று அறிந்தது. அவரும் ஆசிரியர் வேலைக்கே வந்தார். பாகூர் கொம்யூனில் சேலியமேட்டில் வாழ்ந்தார். பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியர் விருது கொடுத்தது. இன்றும் சேலியமேட்டு அரசுப் பள்ளிக்கு அவர் பெயர்தான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு முன்னால் வகுப்பு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பாடத்தை முடிப்பது மட்டும்தான் சம்பளத்துக்கான வேலை. ஒரு பிள்ளையின் காது பாட்டுக்குத் திரும்புவதைக் கவனிக்கச் சொல்லி எந்த உத்தரவும் இருக்காது. அப்படிக் கவனிக்கிற ஆசிரியர் தன் நேரத்திலிருந்துதான் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். பாரதியிடமிருந்து தனக்குக் கிடைத்ததைப் பாரதிதாசன் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். அந்த வரிசை வில்லியனூரில் பிறந்த வாணிதாசன் வழியாகச் சேலியமேடு வரை வந்தது.

கண்டுகொண்டால் மட்டும் போதாது, வளர்க்க வேண்டும் என்பதை வில்லியனூர்க் குயவர் வீடுகளில் பார்க்கலாம். இவ்வூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவ்வூர்க் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தப் பெருமைகளுக்குப் பின்னால் உள்ள பயிற்சியை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். ஒரு தகப்பனார், காய்ந்த பானை ஒன்றை மகனிடம் கொடுத்து விரல் மூட்டால் தட்டச் சொன்னார். பையன் தட்டினான். "என்ன கேக்குது?" "நல்லாத்தாம்பா இருக்கு." அவர் இன்னொரு பானையைக் கொடுத்தார். "இப்ப தட்டு." பையன் இரண்டையும் மாறி மாறித் தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து முகம் மாறியது. "இதுல உள்ள ஈரம் இருக்குப்பா." ஈரத்தோடு சூளைக்குப் போனால் அது வெடிக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் உடைக்கும். தகப்பனார் முதலிலேயே சொல்லியிருக்கலாம், வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். பையனின் காது திறக்கட்டும் என்று காத்திருந்தார். ஒரு சில பானைகள் உடைந்தாலும் பரவாயில்லை என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்தவரால்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

தொழிற்சாலையில் நாங்கள் கொடுத்த பயிற்சி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் நடக்கும் ஒரு வகுப்பு. தலைக்கவசம், தீயணைப்பான், கழிப்பறை இருக்கும் இடம், கையெழுத்து. மதியம் மெஷினுக்குப் போய்விட வேண்டும். சில மாதத்தில் கைக்கு வேலை பழகும், அதற்குள் கான்ட்ராக்ட் முடியும். புது ஆள் வருவார். மறுபடியும் தலைக்கவசம், தீயணைப்பான், கையெழுத்து. பழகிய கையை வெளியே அனுப்பிவிட்டுப் பழகாத கையை உள்ளே எடுப்பதைச் சிக்கனம் என்று நாங்கள் நம்பினோம். அரைவைக்குப் போன அந்த ஷிப்டுச் சரக்கை யாரும் இந்தச் சிக்கனத்தின் கணக்கில் எழுதவில்லை.

திறமையை வளர்ப்பதைப் பற்றி எங்களைவிடப் பெரிய அளவில் யோசித்த ஓர் ஏற்பாடு பாகூரில் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில், வெளியிடப்பட்டது பாகூர்ச் செப்பேடு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக் கழகத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததை அது சொல்கிறது. ஏரிப் பாசனத்தில் செழித்த, இன்றும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று நாங்கள் சொல்கிற வட்டாரம் இது. படிக்கிறவர்களும் படிப்பிக்கிறவர்களும் அன்றாடச் சோற்றுக்கு அலையாமல் இருக்க வேண்டும் என்று, ஆண்டுதோறும் விளைந்து வரும் வருவாயை எழுதிக் கொடுத்தார்கள். ஒருமுறை கொடுத்து முடித்துவிடும் பரிசுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. திறமை வளர ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தவர்கள் பல ஆண்டுகளுக்கான ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்தக் கல்வி அன்று எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூடியின் சூட்டை விரலால் அறிந்த அந்தப் பெண்ணின் முன்னோர்கள் அந்த மூன்று ஊர்களில் நாற்று நட்டிருப்பார்கள். வித்யாஸ்தானத்து வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். நாம் அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம், அந்த வாசலை எல்லோருக்கும் திறக்கலாம்.

இப்போது வேலையில் இருக்கும் சூப்பர்வைசர்களுக்கும் முதலாளிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது சிறிய விஷயங்கள்தான். வேலை செய்கிறவர் ஒன்று சொன்னால் மெஷினை நிறுத்திப் பாருங்கள். பத்து முறையில் ஒன்பது முறை ஒன்றும் இருக்காது. அந்த ஒன்பது முறையும் முகம் சுளிக்காதவரிடம்தான் பத்தாவது முறை வந்து சொல்வார்கள். கை பழகியவரைக் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பும் முன், அவர் கைக்கு என்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எண்ணிப் போடும் வேலையிலிருந்து தரம் பார்க்கும் வேலைக்கு, அங்கிருந்து மெஷின் ஓட்டும் வேலைக்கு ஏற ஒரு படி வையுங்கள். படிக்குப் படி கூலியும் ஏறட்டும். நல்ல ஆள் மேலே போனால் உங்கள் ஷிப்டில் ஒரு நல்ல கை குறையும். அந்தக் குறைவை நீங்கள்தான் தாங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பாகூர்ச் செப்பேட்டில் மன்னன் பெயர் இருக்கிறது, கொடுத்த ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றோடு, அந்த எழுத்துகளைச் செம்பில் வெட்டிய காஞ்சிபுரத்துத் தட்டாரின் பெயரும் இருக்கிறது. உளி பிடித்தவர் இன்னார் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. என் பதிவேட்டில் ஒரு வரி கூடுதலாக எழுத நிறைய இடம் இருந்தது. பேனாவும் கையில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது; கேட்டதில்லை.