கேட்பது தவக்குலுக்கு விரோதமா?

ஏற்காட்டு மலையடிவாரத்தில் நித்தியகல்யாணி வாசலுக்கு வாசல் பூத்துக் கிடக்கும். அதன் இலைச்சாறே புற்றுநோயைத் தீர்க்கும் என்று கைபேசியில் படித்துவிட்டுக் கீமோதெரபியைத் தள்ளிப்போடுவோர் உண்டு. செய்தியில் பாதி மெய்தான். 1950களில் கனடாவில் நீரிழிவுக்கு உதவுமா என்று இச்செடியை எலிகளிடம் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை. இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன! அதிலிருந்தே வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் கிடைத்தன. இரத்தப் புற்று கண்ட பிள்ளைகளுக்கு வின்கிரிஸ்டினை இன்றும் அளந்து இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். வீட்டுச் சாற்றுக்கு அளவேது?

படித்ததை டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு, தவக்குலுக்கு விரோதம் என்று நம் வீடுகளில் தயங்குகிறோம். வலிப்பால் வாடிய பெண்மணி ஒருவர் துஆ வேண்டி வந்தபோது, பொறுமையா, சுகமா என்ற தேர்வை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்து, வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார். அவ்வாறே துஆ செய்தார்கள். நோயாளியின் சொல்லுக்கு அவ்வளவு இடம்!

எத்தனை தவணை ஊசி, நோய் தீருமா அல்லது தள்ளித்தான் போகுமா, வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று நோயாளியே கேட்கட்டும். சாறு குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். மகன் மட்டும் தனியே டாக்டரைப் பார்த்துவிட்டு, தாயிடம் “சாதாரணக் கட்டிதான்” என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.